முப்பதாயிரம் ஏக்கரும் ஓர் ஒற்றையடிப் பாதையும்

கொடுத்தது நாலாயிரத்துச் சொச்சம் ஏக்கர். வாங்கியது முப்பதாயிரத்துக்கும் மேலே. இந்த வியாபாரத்தில் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு?

ஆபீஸ் கிராணியைக் கேட்டால் பென்சிலைக்கூட எடுக்கமாட்டார். "இதிலே என்னப்பா சந்தேகம்? ஒண்ணுக்கு ஏழு கிடைச்சிருக்கு, வாங்கினவனுக்குத்தான் லாபம்" என்று சொல்லிவிடுவார். அமெரிக்காவில் வன இலாகா அதிகாரிகளும் அதே கணக்கைத்தான் போட்டார்கள். ஆனால் அந்தக் கணக்கு கோர்ட்டில் நிற்கவில்லை. ஒரு மலைப் பாதை குறுக்கே வந்து நின்றது. மனிதன் ஒருத்தன் பின்னால் ஒருத்தனாக நடந்துபோன பழைய பாதை. அந்த வழக்கைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

"அமெரிக்காக்காரன் மலைக்கும் நம்ம லயத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கொஞ்சம் பொறுங்கள். நம் தலைக்கு மேலேயே நிலம் கைமாறுவதை நம்மைவிட அதிகம் பார்த்தவர்கள் யார்? கம்பெனி பெயர் மாறும், துரை மாறுவார், ஒருநாள் காலைப் பெரட்டில்தான் நமக்குச் செய்தி வரும். அப்படித் தலைக்கு மேலே நடந்த ஒரு கைமாற்றத்தைச் சின்னக் கூட்டம் ஒன்று எப்படித் தடுத்து நிறுத்தியது, எந்த இடத்தில் ஜெயித்தது, எந்த இடத்தில் தோற்றது என்று தெரிந்துகொள்வது நமக்குத்தான் முதலில் அவசியம்.

சதுரங்கப் பலகை நிலம்

வாஷிங்டன் என்றால் அமெரிக்காவின் தலைநகரம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். அதே பெயரில் ஒரு மாநிலமும் இருக்கிறது. பசிபிக் கடலோரம், கனடா எல்லையை ஒட்டிய மாநிலம். சியாட்டல் அதன் பெரிய நகரம். நகருக்குக் கிழக்கே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது காஸ்கேட் மலைத் தொடர். மேலே பனி, கீழே வானத்தை முட்டும் ஊசியிலை மரங்கள். நூற்றுக்கணக்கான வருஷம் வளர்ந்த மரங்கள் அங்கே உண்டு.

1864-ல் அமெரிக்க நாடாளுமன்றம் நார்தர்ன் பசிபிக் ரயில்வே கம்பெனிக்கு ஒரு சலுகை தந்தது. ரயில் பாதை போடு, கூலியாக நிலம் எடுத்துக்கொள் என்பது அதன் சாரம். எப்படிக் கொடுத்தார்கள் தெரியுமா? பாதையின் இருபுறமும் நிலத்தை ஒரு சதுர மைல், ஒரு சதுர மைலாகக் கட்டம் போட்டு, ஒன்றுவிட்டு ஒன்று கம்பெனிக்கு. ஒரு கட்டம் 640 ஏக்கர். சதுரங்கப் பலகையில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வருமே, அதுபோல ஒரு கட்டம் கம்பெனிக்கு, அடுத்த கட்டம் சர்க்காருக்கு. அங்கே காலங்காலமாக வாழ்ந்த பூர்வகுடி மக்களுக்கு எந்தக் கட்டம் என்று யாரும் கேட்கவில்லை.

1900-ல் ஃபிரெடரிக் வேயர்ஹவுசர் என்ற மர முதலாளியும் அவருடைய கூட்டாளிகளும் அந்த ரயில்வே நிலத்தில் 9 லட்சம் ஏக்கரை ஏக்கர் 6 டாலர் விலைக்கு வாங்கினார்கள். வேயர்ஹவுசர் மரக் கம்பெனி அப்படித்தான் பிறந்தது. உலகத்தின் பெரிய மரக் கம்பெனிகளில் ஒன்றாக அது வளர்ந்தது.

காலம் போகப் போக இந்தச் சதுரங்கப் பலகை எல்லோருக்கும் தலைவலியானது. சர்க்கார் காட்டுக்கு நடுவே கம்பெனி நிலம். கம்பெனி நிலத்துக்கு நடுவே சர்க்கார் காடு. ஒரு கட்டத்தில் மரம் வெட்டினால் பக்கத்துக் கட்டத்து ஓடையில் மண் வந்து விழும். 1964-ல் மனித நடமாட்டமும் கட்டடமும் இல்லாத காடுகளை அப்படியே விட்டுவைக்க ஒரு சட்டம் வந்தது. 1976-ல் சியாட்டலுக்குக் கிழக்கே ஏரிகளும் சிகரங்களும் நிறைந்த பெரிய பகுதியை 'ஆல்பைன் லேக்ஸ்' என்ற பெயரில் பாதுகாக்கப்பட்ட மலைக் காடாக அறிவித்தார்கள். அந்தக் காட்டுக்குள்ளேயும் தனியார் கட்டங்கள் இருந்தன.

ஆகவே, "உன் கட்டத்தை எனக்குக் கொடு, என் கட்டத்தை உனக்குத் தருகிறேன்" என்று மாற்றிக்கொள்வது நல்ல வழியாகத் தோன்றியது. அதற்குச் சட்டமும் உண்டு. 1976-ல் வந்த சட்டப்படி இரண்டு பக்க நிலத்தின் மதிப்பும் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால் காசு கொடுத்துச் சரிக்கட்டலாம், அதுவும் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. மாற்றம் பொதுநலனுக்கு உதவ வேண்டும். படித்தால் பரவாயில்லையே என்று சொல்லும்படியான சட்டம்தான்.

ஹக்கிள்பெரி மலை பேரம்

சியாட்டலுக்குத் தென்கிழக்கே ஹக்கிள்பெரி மலை இருக்கிறது. ஹக்கிள்பெரி என்பது கருநீலத்தில் விளையும் சின்னக் காட்டுப் பழம். அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளில் ஒரு கூட்டம் மக்கல்ஷூட் மக்கள். அவர்களுடைய முன்னோர்கள் அந்த மலைக்குப் போய்ப் பழம் பறித்தார்கள், வேட்டையாடினார்கள். மலை முகட்டின் வழியாகப் போன பாதைதான் ஆரம்பத்தில் சொன்ன ஒற்றையடிப் பாதை. ஹக்கிள்பெரி முகட்டுப் பாதை என்று அதற்குப் பெயர்.

இந்த மக்கள் 1854-லும் 1855-லும் சர்க்காரோடு செய்த உடன்படிக்கைகளில் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் இரண்டு மூன்று விஷயங்களை விடாமல் எழுதி வாங்கிக்கொண்டார்கள். வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமை. தனியார் கைக்குப் போகாமல் திறந்து கிடக்கும் நிலத்தில் வேட்டையாடவும் கிழங்கும் பழமும் எடுக்கவும் உரிமை. அந்தப் பழைய காகிதத்தை வைத்துக்கொண்டுதான் 1974-ல் அவர்களும் மற்றப் பூர்வகுடிகளும் மீன் வழக்கில் ஜெயித்தார்கள். பிடிக்கக்கூடிய மீனில் பாதி அவர்களுக்கு என்று நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளித்தார். நூற்றிருபது வருஷம் பழைய காகிதம் அது!

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். உரிமை இருப்பது திறந்த நிலத்தில். சர்க்கார் காடாக இருக்கும்வரை போகலாம், பறிக்கலாம். அதே நிலம் தனியார் கம்பெனி கைக்குப் போய்விட்டால்? வேலி போட்டு, பலகை மாட்டி, "அனுமதி இல்லை" என்று எழுதிவிட்டால் உரிமை எங்கே நிற்கும்? நிலத்தை விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் இடையில் மூன்றாவது ஆளாக நின்றவர்கள் இந்த மக்கள். பத்திரத்தில் அவர்களுக்குக் கையெழுத்துக் கோடு கிடையாது.

பேரம் இதுதான். வன இலாகா ஹக்கிள்பெரி மலைப் பக்கத்தில் 4,362 ஏக்கரை வேயர்ஹவுசர் கம்பெனிக்குக் கொடுக்கும். பழமையான மரங்கள் நின்ற காடும் அதில் சேர்த்தி. பதிலுக்குக் கம்பெனி வேறு இடங்களில் 30,253 ஏக்கரைக் கொடுக்கும். அதில் பெரும்பகுதி ஏற்கெனவே மரம் வெட்டப்பட்ட நிலம். அதோடு ஆல்பைன் லேக்ஸ் காட்டுக்குள் இருந்த 962 ஏக்கரையும், வேறு 1,034 ஏக்கரையும் தானமாகவே தருவதாகச் சொன்னது. 1996-ல் வன இலாகா சரி என்று முடிவு செய்தது. 1997 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நிலம் கைமாறியது. கோடாரி அல்ல, மோட்டார் வாளே மலை ஏறியது.

எதிர்த் தரப்பின் நியாயமும் உண்டு

ஒருதலையாகப் பேசக் கூடாது. இந்தப் பேரத்தை ஆதரித்தவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் இல்லை. சிதறிக் கிடக்கும் கட்டங்களை ஒன்று சேர்த்தால் காட்டைக் காப்பது சுலபம். வெட்டிய நிலமும் ஒருநாள் மறுபடி காடாகும். பாதுகாக்கப்பட்ட மலைக்காட்டுக்கு நடுவே தனியார் கட்டம் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் அங்கே ரோடு வரும், மரம் விழும். அதைச் சும்மா கொடுக்கிறேன் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? 962 ஏக்கர் சிகரக்காடு நிரந்தரமாகக் காப்பாற்றப்படுகிறதே என்பது பெரிய வாதம்தான்.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஒரு மலையைக் காப்பாற்ற இன்னொரு மலையைக் கொடுக்கிறாயே, கொடுக்கிற மலையில் யாருக்கு என்ன இருந்தது என்று பார்த்தாயா? ஏக்கருக்கு ஏக்கர் மாற்றலாம். மரத்துக்கு மரம் விலை போடலாம். பாட்டன் நடந்த பாதைக்கு மாற்றுப் பாதை எங்கே கிடைக்கும்? ஒரு பால்மரம் போனால் கன்று நடலாம். அம்மாவைப் புதைத்த இடம் போனால் எதை நடுவது?

கோர்ட்டில் நடந்தது

மக்கல்ஷூட் மக்களோடு பில்சக் ஆடபன் சங்கம் என்ற இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும், ஹக்கிள்பெரி மலையைக் காக்க அமைந்த ஒரு சங்கமும் சேர்ந்து வழக்குப் போட்டன. கீழ்க் கோர்ட்டு வன இலாகா பக்கம் தீர்ப்பளித்துவிட்டது. அவர்கள் விடவில்லை. ஒன்பதாவது வட்டார அப்பீல் கோர்ட்டுக்குப் போனார்கள். 1999 மே மாதம் அங்கே தீர்ப்பு வந்தது.

கம்பெனி தரப்பு முதலில் சொன்ன வாதம் நமக்குப் பழக்கமானதுதான்: "எல்லாம் முடிஞ்சு போச்சு. பட்டா மாறிவிட்டது. மரமும் வெட்ட ஆரம்பித்தாயிற்று. இனி வழக்கு எதற்கு?" கோர்ட்டு அதை ஏற்கவில்லை. வெட்டியது சுமார் பத்தில் ஒரு பங்குதான், மிச்சம் நிற்கிறது, பரிகாரம் செய்ய இன்னும் வழி இருக்கிறது என்றது. தோழர்களே, இந்த ஒரு வரியை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். "முடிஞ்சு போச்சு" என்று சொல்கிறவன் பல சமயம் முடியவில்லை என்று தெரிந்தேதான் சொல்கிறான்.

அடுத்தது பாதை. அந்தப் பாதை சரித்திரச் சின்னப் பதிவேட்டில் இடம்பெறத் தகுதி உள்ளது என்று வன இலாகாவே ஒப்புக்கொண்டிருந்தது. சில பகுதிகள் கெடாமல் இருந்தன. அப்படியானால் நிலத்தைக் கொடுக்குமுன் அதற்கு என்ன பாதுகாப்புச் செய்தாய் என்று கேட்டால், படம் எடுத்து, வரைபடம் போட்டுப் பதிவு செய்துவிடுவோம், அது போதும் என்பதுபோல் பதில் வந்தது. கோர்ட்டு போதாது என்றது. படம் எடுத்துவிட்டால் பாதையைக் காப்பாற்றியதாக ஆகிவிடாது. 1966-ல் வந்த சரித்திரச் சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இலாகா தன் கடமையைச் செய்யவில்லை என்று தீர்த்தது. பிணத்துக்குப் படம் எடுத்துச் சுவரில் மாட்டுகிறோம். அதனால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று ஆகுமா?

மூன்றாவது, வேறு வழி தேடினாயா என்ற கேள்வி. 1970-ல் அமலுக்கு வந்த சுற்றுச்சூழல் சட்டப்படி பெரிய காரியம் செய்யுமுன் மாற்று வழிகளையும் ஆராய வேண்டும். வன இலாகா ஆராய்ந்தவை மூன்றே மூன்று. ஒன்று, எதுவும் செய்யாமல் இருப்பது. மற்ற இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி. இட்லி வேண்டுமா, சின்ன இட்லி வேண்டுமா என்று கேட்பதுபோல! நிலத்தைக் கொடுத்தாலும் இன்ன இடத்தில் மரம் வெட்டக் கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை போடலாமே, அல்லது சர்க்கார் நிதியைக் கொண்டு கம்பெனி நிலத்தைக் காசுக்கே வாங்கலாமே, இவற்றை ஏன் பார்க்கவில்லை என்று கோர்ட்டு கேட்டது. சுற்றுவட்டாரத்தில் நடந்த மற்ற நில மாற்றங்களோடு சேர்த்துப் பார்த்தால் மொத்த விளைவு என்ன, கம்பெனி கைக்குப் போன மலையில் மரம் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் சரியாக ஆராயவில்லை என்றது.

முடிவு: சட்டப்படி திரும்பவும் ஆராய்ந்து முடிக்கும்வரை அந்த நிலத்தில் மேற்கொண்டு எந்த வேலையும் நடக்கக் கூடாது. மோட்டார் வாள் நின்றது.

தோற்ற இடத்தையும் பார்ப்போம்

ஜெயித்த கதையை மட்டும் சொல்லிக் கைதட்டிப் போய்விட்டால் பிரயோஜனம் இல்லை. இதே வழக்கில் அவர்கள் தோற்ற பகுதி ஒன்று உண்டு. நமக்கு அதுதான் பெரிய பாடம்.

அந்த மலையில் பாதையைத் தவிர இன்னும் பல இடங்கள் தங்கள் மரபில் முக்கியமானவை, அவற்றை இலாகா சரிவரத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை என்றும் மக்கல்ஷூட் மக்கள் வாதிட்டார்கள். கோர்ட்டு அதை ஏற்கவில்லை. இலாகா தேடிய தேட்டம் போதாது என்று எங்களால் சொல்ல முடியவில்லை என்றது.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாதை பதிவேட்டுத் தகுதி என்ற அளவுக்குக் காகிதத்தில் ஏறியிருந்தது, அது ஜெயித்தது. மற்ற இடங்கள் மனத்தில் இருந்தன, பெரியவர்கள் வாயில் இருந்தன, அவை ஜெயிக்கவில்லை. தங்களுக்குப் புனிதமான இடம் எது என்று அந்நியனிடம் வரைபடத்தில் குறித்துக் கொடுக்கப் பூர்வகுடிகள் தயங்குவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். தயக்கத்துக்குக் காரணம் உண்டு; காட்டிக் கொடுத்த இடம் பிழைத்ததாகச் சரித்திரம் குறைவு. ஆனால் கோர்ட்டுக்கு மௌனம் புரியாது. காகிதம்தான் புரியும். இது நியாயமா என்று கேட்டால், முழு நியாயம் இல்லை என்றுதான் நான் சொல்வேன். நியாயம் வரும்வரை காகிதத்தைச் சேர்த்துவைப்பதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்த வருஷம், 2000-ல், அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் நில மாற்றங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பல மாற்றங்களில் பொதுமக்கள் நிலத்துக்குக் குறைந்த மதிப்பும், தனியார் நிலத்துக்குக் கூடுதல் மதிப்பும் போடப்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டி, இந்த முறையையே நிறுத்திவிடலாமா என்று நாடாளுமன்றம் யோசிக்கலாம் என்று சொன்னது. சதுரங்கப் பலகையில் யார் காயை யார் நகர்த்தினார்கள் என்பது அப்போதுதான் ஊருக்கு நன்றாகத் தெரிந்தது.

நம்ம ஊருக்கு வருவோம்

காட்டுக்குப் பதில் காடு என்ற பேச்சு நம் நாட்டிலும் கேட்டதுதான். சிலாங்கூரில் கோலலங்காட் வடக்குக் காட்டின் பெரும்பகுதியை ஒதுக்குக் காட்டுப் பட்டியலிலிருந்து எடுக்கப் போவதாக 2020-ல் அறிவிப்பு வந்தது. பதிலுக்கு வேறு நிலத்தைக் காடாக்கித் தருவதாகச் சொன்னார்கள். அங்கே வாழும் தெமுவான் மக்களும் பொதுமக்களும் சங்கங்களும் எதிர்த்தார்கள். நாற்பத்தையாயிரத்துக்கும் மேலான ஆட்சேபணைகள் போயின. அப்படியும் 536 ஏக்டருக்கு மேல் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது 2021-ல் வெளியே வந்தது. மறுபடி எதிர்ப்பு. 2021 செப்டம்பரில் மாநில அரசு அந்த முடிவை ரத்து செய்வதாக அறிவித்தது. எண்ணிக்கை எதைச் சாதிக்கும் என்பதற்கு இது சாட்சி.

நம் கதைக்கு வருவோம். 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது நம்மவர்கள் எத்தனை பேர் தெருவுக்கு வந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அப்போது அழுதுகொண்டே உட்காரவில்லை. 1960-ல் துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தொழிலாளி மாதம் பத்து வெள்ளி போட்டான். அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்து தோட்டங்களையே வாங்கின. நிலம் கைமாறும்போது வேடிக்கை பார்க்கும் சாதியாக நாம் பிறக்கவில்லை.

ஆனால் இன்றைக்கு ஒரு தோட்டம் வீடமைப்புக்கோ தொழிற்பேட்டைக்கோ போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் என்ன இருக்கும்? ஏக்கர் இருக்கும், விலை இருக்கும், எல்லைக்கல் இருக்கும். மாரியம்மன் கோயில் எத்தனை வருஷமாக நிற்கிறது என்று இருக்குமா? சுடுகாட்டுக்குப் போகும் வண்டிப்பாதை இருக்குமா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆறு தாண்டி வரும் பாலம் இருக்குமா? எழுதிக் கொடுக்காதவரைக்கும் இருக்காது. வாங்குகிறவர் மேல் மட்டும் கோபப்பட்டுப் பயனில்லை. அவருக்குத் தெரிந்தது வரைபடம். வரைபடத்தில் இல்லாதது அவர் கண்ணுக்கு வெறும் புதர்.

செய்யக்கூடியவை

மக்கல்ஷூட் மக்கள் வழக்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை.

ஒன்று: உங்கள் தோட்டத்தில் கோயில், சுடுகாடு, பழைய பாதை, ஊற்று, பள்ளிக்கூடம், ஆயாக் கொட்டகை எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு காகிதத்தில் வரைந்து வையுங்கள். கல்வெட்டோ, கோயில் மணியில் வெட்டிய வருஷமோ, சமாதிக் கல்லோ இருந்தால் படம் எடுத்து, எடுத்த தேதியைப் போடுங்கள். எழுபது எண்பது வயதுப் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதை எழுதி, கையெழுத்தோ ரேகையோ வாங்குங்கள். அவர்கள் போனபின் சாட்சி கிடையாது.

இரண்டு: தோட்டம் விற்கப் போகிறது என்று காற்றில் செய்தி வந்தாலே நில ஆபீசுக்குப் போய்க் கட்டணம் கட்டிப் பதிவைப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். கோப்பிக் கடைப் பேச்சை நம்பி உட்கார வேண்டாம்.

மூன்று: கடிதம் கொடுத்தால் வாயால் "கொடுத்தேன்" என்று சொல்வது போதாது. நகலில் சாப் போட்டு, தேதியோடு வாங்கி வையுங்கள். அப்பீல் கோர்ட்டு பார்ப்பது அந்தச் சாப்பைத்தான்.

நான்கு: கை சேருங்கள். அங்கே பூர்வகுடிகளும், பறவை பார்க்கிற பட்டணத்துக்காரர்களும், மலையைக் காக்கிற ஊர்க்காரர்களும் ஒரே மனுவில் நின்றார்கள். மூன்று பேருக்கும் மூன்று காரணம். பழம் பறிக்கிறவன் ஒருத்தன், பறவையை நேசிக்கிறவன் ஒருத்தன், தண்ணீர் கலங்கக் கூடாது என்பவன் ஒருத்தன். காரணம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நம்மிலோ ஒரு கோயிலுக்கு இரண்டு கமிட்டி, ஒரு தோட்டத்துக்கு மூன்று கட்சி!

ஐந்து: "காடு மலை காப்பதெல்லாம் காசுள்ளவன் பொழுதுபோக்கு, நமக்கு வயித்துப் பாடு" என்று ஒதுக்கிவிடாதீர்கள். மேலே காடு போனால் முதலில் தண்ணீர் வருவது கீழே லயத்துக்குள்தான். மலைச்சரிவு பங்களாவைப் பார்த்தா வருகிறது? காட்டில் நடக்கும் பேரத்தில் நமக்கும் பங்கு உண்டு என்று பேசத் தொடங்கினால்தான், நம் பாதை போகும்போது பேச நமக்கு வாய் பழகியிருக்கும்.

கடைசியாக ஒன்று. நில மாற்றமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நாட்டுக்கு ரோடு வேண்டும், வீடு வேண்டும். சிதறின காடு ஒன்று சேர வேண்டும். மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் எடை போடும்போது தராசில் எல்லாவற்றையும் வைக்க வேண்டும். ஏக்கரும் மரமும் ஒரு தட்டில் ஏறினால், அந்த மண்ணில் நடந்த காலும், பறித்த கையும், புதைத்த உடம்பும் மற்றத் தட்டில் ஏற வேண்டும். ஏற்றிவைக்க வேறு யாரும் வரமாட்டார்கள். அந்த வேலை நம்முடையது.

இந்த வார விடுமுறையில் கோயில் திண்ணையில் நாலு பேர் கூடும்போது ஒரு வெள்ளைத் தாளும் ஒரு பேனாவும் கொண்டுபோங்கள். முதலில் சுடுகாட்டுப் பாதையை வரையுங்கள். மற்றது தானாக வரும்.